நாலாம் நம்பர் டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கணேஸ்வரனின் கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது.

பெரிய சத்தமில்லை. ஒரு கூவல். கொஞ்சம் மௌனம். மறுபடி ஒரு கூவல். புக்கிட் ரோத்தானில் அவன் போட்டோ ஸ்டூடியோ வைத்த நாள் முதல் அந்தப் பெட்டி வாயைத் திறந்ததில்லை.

மேல்மாடி வீட்டிலிருந்து மனைவி துளசி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வாசல்ல லோரி ரிவர்ஸ் எடுக்குதா?"

"இல்ல. நம்ம கம்ப்யூட்டர்."

"அது எங்க போவுது?"

கணேஸ்வரன் திரைக்கு முன்னால் குனிந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது. நான்காம் எண் டிஸ்க் பழுது, மாற்றவும்.

பெட்டிக்குள் ஐந்து டிஸ்க். ஐந்தையும் ஒரு கார்டு கட்டி மேய்த்தது. பெட்டியைச் செய்து கொடுத்த சீனத் தவுக்கே, கிள்ளான் கடை முதலாளி, அன்றே விளக்கியிருந்தார். ஒன்று செத்தால் கவலையில்லை, மற்ற நான்கும் சேர்ந்து அதன் வேலையைப் பார்க்கும். இரண்டு செத்தால் என்னைக் கூப்பிடாதே.

ஒன்றுதான் செத்திருந்தது. கணேஸ்வரன் பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தப் பெட்டி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். போன வருடம் அசாம் ஜாவா ஊரில் இருக்கும் நடராஜாவின் மகள் கண்மணிக்குக் கோலா சிலாங்கூரில் கல்யாணம். தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தது. தாய்மாமன் செல்லையா மேடையில் இல்லை. முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. மாலையை நடராஜாவின் தம்பியே போட்டுவிட்டார்.

மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டேன், முறுக்கிக்கொண்டு வரவில்லை என்றார் நடராஜா. மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஒருத்தன் கூப்பிடவில்லை என்றார் செல்லையா. இரண்டு பேருக்கும் சாட்சிகள் இருந்தார்கள். மேளச் சத்தத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளிப் பலகாரம் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகவில்லை. செல்லையாவின் தங்கையும் நடராஜாவின் மனைவியுமான லீலாவதி நடுவில் நின்று இரண்டு பக்கமும் அழுதாள்.

இப்போது கண்மணிக்கு ஏழாம் மாதம். அடுத்த ஞாயிறு வளைகாப்பு. மாமா கையால் முதல் வளையல் விழாவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

போன வாரம் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில், மீன் கடைக்கு முன்னால், மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"வீடியோ இருக்குலா! போட்டுப் பாப்பமா?" என்றார் நடராஜா.

"போடுலா! நான் என்ன பயந்தவனா?" என்றார் செல்லையா.

மார்க்கெட்டே கேட்டது. அதற்கப்புறம் யாரும் பின்வாங்க வழியில்லை.

கணேஸ்வரன் எடுத்து ஆல்பத்தோடு கொடுத்த கல்யாண வீடியோ உதவவில்லை. வழக்குக்குரிய அந்த நிமிடத்தில் அவன் பெண்ணின் கண்களை மெதுவாக ஓடவிட்டு, மேலே ரோஜா இதழ் கொட்டி, பாட்டைப் போட்டிருந்தான். வெட்டாத படம் முழுவதும் பெட்டிக்குள் கிடந்தது. அதை அவனே முழுதாகப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கவும் கூடாது. முன்னாடி பார்த்தால் யார் பக்கமாவது சாய்ந்துவிடுவாய் என்று இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தை அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ஆகவே டிஸ்க் மாற்றியாக வேண்டும். அலமாரியில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. கணேஸ்வரன் பெட்டியின் முகப்பைத் திறந்தான். ஒவ்வொரு டிஸ்கின் நெற்றியிலும் தவுக்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எண் எழுதியிருந்தார். 1, 2, 3, 3A, 5.

நான்கு என்பது சீனருக்குச் சாவு எண்; அதற்குப் பதில் 3A போடுவார்கள். லிஃப்டில் இருக்காது, வீட்டு வாசலில் இருக்காது. கணேஸ்வரன் இதில் குழம்புகிற ஆளில்லை. அவன் கடையின் எண்ணே 3A. இந்தப் பக்கம் மூன்றாம் எண் மளிகைக் கடை, அந்தப் பக்கம் ஐந்தாம் எண் பல் மருத்துவர். இத்தனை வருடத்தில் ஒரு கடிதம் வழி தவறியதில்லை.

3A டிஸ்கைப் பிடித்து உருவினான்.

கூவல் நின்றது. நல்லது என்று நினைத்தான். பிறகு பெட்டி மூச்சே விடாமல் ஒரே நீளமாகக் கத்தியது.

திரையில் புது வரி. இரண்டு டிஸ்குகளைக் காணவில்லை, தொகுப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, லோரி எதையோ இடிச்சிருச்சா?" என்றாள் துளசி.

அவன் நஜ்மிக்குப் போன் செய்தான். கோலா சிலாங்கூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். கை ராசிக்காரன். வாய்தான் நிற்காது. இப்போதும் வாயில் ரொட்டி சானாய் இருந்தது.

"நாலுன்னா எந்த நாலுண்ணே?"

"நாலுதான். 3A."

"ஐயோ. கார்டு சைபர்லேர்ந்து எண்ணும்ணே. சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்ப நாலு வந்து அஞ்சு."

"நாலு அஞ்சா?"

"அஞ்சாவது நாலு. நாலாவது மூணு. நீங்க மூண உருவிட்டீங்க."

"மூணு அப்படியே இருக்குலா. நான் 3A-வத்தான் உருவினேன்."

"அதாண்ணே மூணு."

"நஜ்மி, நீ சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசு."

"அண்ணே, கேளுங்க. செத்தது கடைசியில இருக்கிறது. நீங்க உசுரோட இருந்தத வெளிய எடுத்துட்டீங்க. அதத் திருப்பி உள்ள தள்ளுங்க. வேற ஒண்ணத் தொடாதீங்க. இந்தா, பைக்க எடுத்துட்டேன்."

கணேஸ்வரன் 3A டிஸ்கை உள்ளே தள்ளினான். கார்டு அதை முகர்ந்து பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு கேட்டது. வெளி அமைப்பைச் சேர்ந்த டிஸ்க் ஒன்று வந்திருக்கிறது. சேர்ப்பதா, அழிப்பதா?

அவன் நஜ்மிக்கு மறுபடி அடித்தான். நஜ்மி பைக்கில் இருந்தான். எடுக்கவில்லை.

துளசி படியிறங்கி வந்தாள்.

"என்னாவாம்?"

"வெளியாள் யாரோ வந்திருக்காம். உள்ள விடவா, வெரட்டவான்னு கேக்குது."

"முன்னபின்ன தெரியாதவங்கள எதுக்கு உள்ள விடுறீங்க? போன மாசம் தண்ணி ஃபில்டர் விக்க வந்தவன உள்ள விட்டீங்க. இன்னும் போன் பண்ணிக்கிட்டிருக்கான்."

"வைரஸா இருக்குமோ?"

"இருந்தாலும் இருக்கும். வெரட்டுங்க."

அவன் அழிக்கச் சொன்னான். நிச்சயமா என்று கார்டு கேட்டது. அழித்தால் திரும்ப வராது என்றும் சொன்னது. இத்தனை மரியாதையாக ஒரு இயந்திரம் ஏன் கேட்கிறது என்று அவன் யோசித்திருக்கலாம். நிச்சயம் என்றான்.

சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டூடியோ அமைதியானது.

"பாத்தீங்களா, போயிருச்சு" என்றாள் துளசி.

போயிருந்தது. திரையில் சுருக்கமாக ஒரு வரி மட்டும் இருந்தது. தொகுப்பு எதுவும் இல்லை.

"ஒண்ணுமே இல்லங்குது" என்றான்.

"தூசியா இருக்கும். என் மிக்ஸிகூட அப்பிடித்தான். கழட்டித் தொடச்சா ஓடும்."

நஜ்மி தொடாதே என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் தொட்டு முடித்தாகிவிட்டது. இனிமேல் தொடாமலிருப்பதில் அர்த்தமில்லை என்று கணேஸ்வரனுக்குப் பட்டது. ஐந்து டிஸ்கையும் கழற்றினான். லென்ஸ் துடைக்கும் மருந்தைத் துணியில் ஊற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தான். போன ஆயுத பூஜைக்குத் துளசி வைத்த சந்தனப் பொட்டுகள் போயின. விடாப்பிடியாக ஒட்டியிருந்த தூசி போயிற்று. தவுக்கேயின் காகிதங்களும் ஊறி, எண்கள் கரைந்து, துணியோடு வந்துவிட்டன.

நஜ்மி ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்தான். மேசையில் துண்டு விரித்து ஐந்து டிஸ்க் வரிசையாகக் கிடந்தன. குளித்துவிட்டு வெயில் காயும் பிள்ளைகளைப் போல இருந்தன. ஐந்தும் ஒரே ஜாடை.

"எது எதுண்ணே?"

கணேஸ்வரன் துளசியைப் பார்த்தான். துளசி துணியைப் பார்த்தாள்.

நஜ்மி நாற்காலியில் உட்கார்ந்தான். நடந்ததை முழுக்கக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் ஹெல்மெட்டுக்குள் சின்னதாகிக்கொண்டே போனது.

"அண்ணே, அது வெளியாள் இல்லண்ணே. நம்ம ஆளுதான். நீங்க வெளிய தள்ளிட்டு மறுபடி உள்ள விட்டதால கார்டுக்கு அடையாளம் தெரியல. அவரச் சேத்துக்கவான்னு உங்களக் கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"நாங்க வெரட்டிட்டோம்."

"வெரட்டிட்டீங்க."

"நீங்கதான் யாருன்னு சரியாச் சொல்லல" என்றாள் துளசி கணவனிடம். மேலே போய்விட்டாள்.

"இப்ப என்னலா செய்யிறது?"

"கார்டையும் டிஸ்கையும் கடைக்குக் கொண்டுபோறேன். எது முன்ன, எது பின்னன்னு தெரியாது. மாத்தி மாத்தி அடுக்கிப் பாக்கணும். சரியான வரிசை மாட்டுச்சுன்னா உண்டு. மாட்டலன்னா இல்ல."

"அஞ்சு மணிக்குள்ள?"

"போச்சுன்னே வச்சுக்குங்கண்ணே. மனச தயார் பண்ணிக்குங்க."

கார்டைக் கழற்றி, ஐந்து டிஸ்கையும் துண்டோடு சுருட்டி, தோள்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

மத்தியானம் கண்மணி போன் செய்தாள்.

"அண்ணே, மெஷின் எல்லாம் ஓகேதானே?"

"மெஷின்... இருக்கும்மா."

"அம்மா காலையிலேர்ந்து கேசரி கிண்டுறாங்க. மாமாவுக்குப் பிடிக்கும்னு. அப்பா கேட்டா உங்களுக்குன்னு சொல்றாங்க."

"அப்பா எப்பிடி இருக்காரு?"

"வெரப்பாத்தான் இருக்காரு. ஆனா சோறு இறங்கல. அண்ணே, ஒண்ணு சொல்லவா? யாரு ஜெயிச்சாலும் எனக்குப் போச்சு. அப்பா சொன்னது சரின்னா மாமா வெக்கப்பட்டுக்கிட்டு வர மாட்டாரு. மாமா சொன்னது சரின்னா அப்பா வெக்கப்பட்டுக்கிட்டு கூப்பிட மாட்டாரு. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பூரா அந்த மனுசன்தான் கண்ணு முழிச்சு வாழமரம் கட்டினாரு. எனக்கு அவரு வேணும். எப்பிடியாச்சும் நல்லபடியா முடிங்கண்ணே."

கணேஸ்வரன் சரிம்மா என்றான். அதற்கப்புறம் அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

நஜ்மிக்கு அடித்தான். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தான். போன் அணைந்து கிடந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே நடராஜா வந்தார். லோரி கான்டிராக்டர். எப்போதும் சத்தமாக நுழைகிறவர் இன்று மெதுவாக நுழைந்து, சுவரிலிருந்த பெரிய டிவியை ஒரு பார்வை பார்த்து, அதிலிருந்து தள்ளி இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கூட வந்த லீலாவதி கேசரித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து செல்லையா. மீசை கறுப்பாக இருந்தது. இன்றைக்கென்று சாயம் போட்டிருந்தார். கூடவே மனைவி தாயம்மா. செல்லையா யாரையும் பார்க்காமல், டிவியிலிருந்து இன்னும் தள்ளி, கதவோரமாக உட்கார்ந்தார்.

"அண்ணே" என்றாள் லீலாவதி.

"ம்" என்றார் செல்லையா. ஒரு வருடத்தில் தங்கையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போடுலா கணேஸ்" என்றார் நடராஜா. "யாரு பொய்யின்னு தெரிஞ்சிரட்டும்."

"தெரியட்டும்" என்றார் செல்லையா.

கணேஸ்வரன் டிவிக்கு முன்னால் நின்றான். சொல்ல வேண்டியதை மேல்மாடியில் துளசியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அண்ணே. ஐயா. கம்ப்யூட்டர் காலையில செத்துப்போச்சு. காப்பாத்தப் பாத்தேன். நானே கொன்னுட்டேன். வீடியோ இல்ல."

நான்கு பேரும் டிவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நடராஜா எழுந்தார். அடி விழப்போகிறது என்று கணேஸ்வரன் கண்ணை மூடினான்.

"எல்லாமே போச்சா?"

"எல்லாமே போச்சுண்ணே."

"மைக் சத்தமும் போச்சா?"

"சத்தம், படம், எல்லாம்."

நடராஜா மெல்ல உட்கார்ந்தார். செல்லையா தொண்டையைச் செருமினார்.

"மண்டபத்துக்கு உள்ள எடுத்தது போச்சு. சரி. வெளிய எடுத்தது?"

"அதுவும்தான் ஐயா."

"கார் பார்க்கு, அந்தப் பக்கமெல்லாம்?"

"ஒண்ணும் மிச்சமில்ல ஐயா. என்ன மன்னிச்சிருங்க."

செல்லையா நாற்காலியில் சாய்ந்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். எதிர்ப்பக்கம் நடராஜாவும் அதே நேரத்தில் ஒரு மூச்சு விட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மெஷின்தானலா" என்றார் நடராஜா. "மனுசனே திடீர்னு போயிர்றான். நீ என்ன பண்ணுவ?"

"அதானே" என்றார் செல்லையா. "அவனப் போய் எதுக்குத் திட்டுறது? நல்ல புள்ள."

"யாரு மச்சான் திட்டினா? நான் திட்டலயே."

மச்சான் என்ற வார்த்தை நடு ஸ்டூடியோவில் விழுந்தது. லீலாவதி தூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ திட்டுவேன்னு சொல்லல மாப்ள. பொதுவாச் சொன்னேன்."

தூக்கின் மூடியை அவள் தளர்த்தினாள்.

"வீடியோ இருந்திருந்தா நான் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் நடராஜா. குரலில் சூடு இல்லை. "ஆனா மூணு தடவன்னு சொன்னேன். ஒருவேள ரெண்டா இருக்கும். மேளச் சத்தம் வேற."

"நானும் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னேன். அதுல மாத்தமில்ல. ஆனா ரொம்பப் பக்கத்துலன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளி."

"மைக்கும் சரியில்லலா அன்னைக்கு."

"தூணு ஒண்ணு மறைச்சிச்சு."

"தூணு இருந்துச்சு மச்சான். நானே பாத்தேன்."

"அதான் சொல்றேன். உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

"தூணு மேலதான்" என்றாள் தாயம்மா.

முதலில் சிரித்தது லீலாவதி. சிரித்துக்கொண்டே அழுதாள். தூக்கைத் திறந்தாள். கேசரி வாசனை எழுந்தது. முதல் கரண்டி அண்ணனுக்கு, இரண்டாவது கணவனுக்கு. செல்லையா ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏலக்காய் தூக்கல் என்றார்.

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"நீங்க வர்ற மணிக்குத்தான் மச்சான். நீங்க வந்தாத்தான் ஆரம்பம்."

"இந்தத் தடவ கூப்பிடணும்னு இல்ல. நானே முன்னால வந்து நிப்பேன்."

"இந்தத் தடவ வீட்டுக்கே வந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன்."

நடராஜா கணேஸ்வரனின் தோளில் தட்டினார்.

"வளைகாப்புக்கும் நீதான்லா. போட்டோ, வீடியோ எல்லாம்."

"போட்டோ போதும்" என்றார் செல்லையா. "வீடியோ எதுக்கு?"

"ஆமா. போட்டோ போதும்."

துளசி மேலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் கொண்டுவந்தாள். கண்மணிக்குப் போன் போட்டார்கள். மாமாவின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தாயம்மா போனை வாங்கி, எத்தனை டஜன் வளையல், என்ன நிறம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். செல்லையா நாற்காலியை இழுத்து நடராஜாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே தட்டில் கேசரி சாப்பிட்டார்கள்.

கணேஸ்வரன் சுவரில் சாய்ந்து நின்றான். காலையிலிருந்து அவன் செய்த ஒவ்வொரு தப்பும் இப்போது அவனுக்கு அழகாகத் தெரிந்தது. உருவியது நல்லது. அழித்தது அதைவிட நல்லது. துடைத்ததுதான் எல்லாவற்றிலும் நல்லது. கண்மணி கேட்டது கிடைத்துவிட்டது. அவன் தனக்கென்று கேசரி எடுத்து முதல் வாய் வைத்தான்.

வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. கண்ணாடிக் கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு நஜ்மி நின்றான். ஒரு கையில் ஐந்து டிஸ்கையும் அடுக்கிய சின்னப் பெட்டி, மறு கையில் டிவிக்கு மாட்டும் ஒயர். முகமெல்லாம் வெற்றி. கணேஸ்வரன் வாயில் கேசரியோடு தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். கண்ணைக் காட்டினான். நஜ்மிக்கு அது வரவேற்பாகத் தெரிந்தது.

"அண்ணே, எல்லாம் வந்திருச்சுண்ணே! ஒரு நிமிசம் விடாமப் பாத்துட்டேன், மைக்ல தாய்மாமன யாரும் ஒரு தடவகூட கூப்பிடவே இல்ல, அவரும் மண்டபத்துலயே இல்ல, தலப்பாவக் கட்டிக்கிட்டு கார் பார்க்குல பிக்கப் வண்டிக்குப் பின்னால படுத்துத் தூங்குறாரு, ட்ரோன்ல எடுத்ததுல பளிச்சுன்னு தெரியுது, டிவியில போடவா?"